தொலைந்த உறவுகளைத் தேடிய கத்தோலிக்க இதழ்: வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1829-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைகளின் குரலாக வளர்ந்த 'தி பைலட்' என்னும் கத்தோலிக்க வார இதழைப் பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பொன்று எழுதியிருந்தோம். அதைப் படித்த வாசகர்கள் பலர் மேலும் விவரம் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைப் பற்றி இத்தனை கடிதங்கள் வந்திருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: ஐரிஷ் மக்களின் பத்திரிகை என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் அதைத் தொடங்கிய ஆயர் அமெரிக்காவில் பிறந்தவர் என்றும் அதே குறிப்பில் உள்ளது. இது எப்படிப் பொருந்தும்?

பதில்: தொடக்கத்தில் அது ஐரிஷ் மக்களின் பத்திரிகையாக இருக்கவில்லை என்பதே உண்மை. பாஸ்டன் மறைமாவட்டத்தின் இரண்டாம் ஆயரான பெனடிக்ட் ஜோசப் ஃபென்விக், மேரிலாந்து மாநிலத்தின் பழைய கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து குருவானவர். அவர் பொறுப்பேற்ற பாஸ்டன், கண்டிப்பான புரட்டஸ்தாந்துப் பிரிவான பியூரிட்டன் மரபில் ஊறிய நகரம். அங்கே பிரசங்க மேடையிலிருந்தும் அச்சகத்திலிருந்தும் கத்தோலிக்க நம்பிக்கைக்கு எதிரான பேச்சும் எழுத்தும் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அச்சிலேயே மறுமொழி சொல்ல வேண்டும் என்ற நோக்கத்துடன் அவர் 1829 செப்டம்பர் 5-ஆம் தேதி 'தி ஜெசூயிட்' (இயேசு சபையினர்) என்ற பெயரில் வார இதழைத் தொடங்கினார். எதிராளிகள் எந்தப் பெயரை வசையாகப் பயன்படுத்தினார்களோ அந்தப் பெயரையே அவர் இதழின் முகப்பில் வைத்ததிலிருந்து அவருடைய மனத்துணிவை அறியலாம்.

ஆயினும் கோட்பாட்டு விளக்கங்களும் வாத எதிர்வாதங்களும் நிறைந்த ஓர் இதழை, நாள் முழுவதும் மண் சுமந்துவிட்டு வீடு திரும்பும் தொழிலாளி காசு கொடுத்து வாங்குவானா? இதழ் தள்ளாடியது, சில ஆண்டுகளுக்குள் பலமுறை பெயர் மாறியது. 1834-இல் ஆயர் அதைப் குருக்கள் அல்லாத பொதுநிலையினர் இருவரிடம் ஒப்படைத்தார். அவர்களில் ஒருவரான பேட்ரிக் டோனஹோ, அயர்லாந்தின் காவன் மாவட்டத்தில் 1811-இல் பிறந்து, சிறுவனாகவே பாஸ்டன் வந்து, அச்சகத்தில் எழுத்துக்கோக்கும் தொழிலைக் கற்றவர். 1836-இல் இதழுக்கு 'பைலட்' என்ற பெயர் வந்தது. டப்ளினில் டேனியல் ஓ'கானலின் இயக்கத்துக்கு ஆதரவாக அதே பெயரில் ஒரு பத்திரிகை நடந்துவந்தது. அதற்கு மரியாதை செய்யும் வகையில் பாஸ்டன் இதழ் அப்பெயரை ஏற்றது. கத்தோலிக்கர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமையை 1829-இல் போராடிப் பெற்றுத்தந்த ஓ'கானல், அன்றைய ஐரிஷ் மக்களுக்கு ஈடிணையற்ற தலைவர்.

டோனஹோ கையில் இதழின் உள்ளடக்கமே மாறிற்று. சமய விளக்கம் நீங்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அயர்லாந்துச் செய்திகள் வந்து அமர்ந்தன. ஆயர் தொடங்கியது ஒரு தற்காப்பு ஏடு. எழுத்துக்கோப்பவர் அதைச் சமூகத்தின் பத்திரிகையாக்கினார். இந்த இரண்டாவது தொடக்கத்தையே இதழின் உண்மையான பிறப்பாக நான் கருதுகிறேன்.

கேள்வி: அக்காலத்தில் பாஸ்டன் அருகே கன்னியர் மடம் ஒன்று எரிக்கப்பட்டதாமே? அவ்வளவு பகை ஏன்?

பதில்: சார்ல்ஸ்டவுனில் இருந்த உர்சுலைன் சபைக் கன்னியர் மடத்தை 1834 ஆகஸ்ட் 11-ஆம் தேதி இரவு ஒரு கும்பல் எரித்துச் சாம்பலாக்கியது. அங்கே நடந்த பள்ளியில் படித்த மாணவியரில் பெரும்பாலோர் செல்வந்தரான புரட்டஸ்தாந்துக் குடும்பத்துப் பெண்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மடத்துக்குள் பெண்கள் சிறைவைக்கப்பட்டிருக்கிறார்கள் என்ற வதந்தியும், ரோம் அமெரிக்காவைக் கைப்பற்றப்போகிறது என்ற பிரசங்கமும், கூலி குறைந்துவிடும் என்ற உள்ளூர்த் தொழிலாளரின் அச்சமும் ஒன்றுசேர்ந்து அந்த நெருப்பை மூட்டின. மறுநாளே நகரின் புரட்டஸ்தாந்துப் பெருமக்கள் ஃபனுயில் மண்டபத்தில் கூடிக் கண்டனம் தெரிவித்தார்கள். ஆனால் மடத்துக்கு இழப்பீடு வழங்க மாநிலச் சட்டமன்றம் ஒருபோதும் இசையவில்லை. பழிவாங்கத் துடித்த ஐரிஷ் தொழிலாளரை ஆயர் ஃபென்விக்கும் குருக்களும் தடுத்து நிறுத்தினார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1854-இல், குடியேறிகளையும் கத்தோலிக்கரையும் எதிர்ப்பதையே கொள்கையாகக் கொண்ட கட்சி மாசசூசெட்ஸ் ஆளுநர் பதவியையும் சட்டமன்றத்தையும் ஒருசேரக் கைப்பற்றியது. தன்னை வெறுப்பவர்களின் ஆட்சியின் கீழ் வாழும் சமூகத்துக்குத் தனக்கென ஓர் அச்சகம் இருப்பது ஆடம்பரமன்று. பைலட் இல்லாதிருந்தால் அவர்களைப் பற்றி அச்சில் வந்தவை யாவும் பிறர் எழுதியவையாகவே இருந்திருக்கும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை'யை நடத்திய அமெரிக்க மிஷனும் பாஸ்டனைச் சேர்ந்ததுதானே? இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நகரம் ஒன்று, சபைகள் வேறு. 1841 ஜனவரியில் உதயதாரகையைத் தொடங்கிய அமெரிக்க மிஷன், பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட புரட்டஸ்தாந்து மிஷனரிச் சங்கத்தால் அனுப்பப்பட்டது. பைலட்டோ, அதே நகரின் சேரிப்பகுதிகளில் வாழ்ந்த கத்தோலிக்கருடையது. உதயதாரகை, வசதிபடைத்த ஒரு திருச்சபை தொலைதூர மக்களைச் சென்றடைவதற்காக உருவாக்கிய இதழ். சொந்த மண்ணை விட்டு வந்தவர்கள் ஒருவரையொருவர் சென்றடைவதற்காகப் பேணிய இதழ் பைலட். இருவகைக் கிறிஸ்தவப் பத்திரிகைகளும் ஒரே காலத்தில் ஒரே நகரத்தோடு தொடர்புகொண்டிருந்தன என்பதற்கு மேல் நேரடி உறவு இல்லை.

கேள்வி: 'காணாமற்போன நண்பர்கள்' என்ற விளம்பரப் பகுதியைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். விரிவாகச் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: இந்தக் கேள்வியைத்தான் மிகப் பலர் கேட்டிருக்கிறார்கள், கேட்க வேண்டியதும் இதுவே. 1831 அக்டோபரில் தொடங்கி 1921 அக்டோபர் வரை, தொண்ணூறு ஆண்டுகள், உறவினரைத் தேடுவோரின் விளம்பரங்களை அந்த இதழ் வெளியிட்டுவந்தது. அவற்றின் மொத்த எண்ணிக்கை 40,000-க்கும் மேல். முதன்முதலாக வெளியான விளம்பரம், கில்டேர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கல்தச்சரைத் தேடியது: அவருடைய மனைவியும் நான்கு குழந்தைகளும் பாஸ்டன் வந்து இறங்கியிருக்கிறார்கள், அவரோ ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே அருகிலுள்ள ராக்ஸ்பரியை விட்டு வேலை தேடிப் போய்விட்டார் என்று கேள்விப்படுகிறார்கள், அவரைப் பற்றிய செய்திக்காக ஏங்கிக் காத்திருக்கிறார்கள். பின்னர் வந்த ஆயிரக்கணக்கான விளம்பரங்களின் அமைப்பு முழுவதும் அந்தச் சில வரிகளிலேயே அடங்கியிருக்கிறது.

இப்படிக் குடும்பங்கள் சிதறியதற்கு அக்காலத்து உழைப்பின் இயல்பே காரணம். குடும்பத்தில் ஒருவர் முதலில் கப்பலேறுவார். கூலியில் மிச்சம் பிடித்து அடுத்தவருக்குப் பயணச்சீட்டு அனுப்புவார். ஆனால் அவர் செய்யும் வேலை கால்வாய் வெட்டுவதாகவோ இருப்புப்பாதை போடுவதாகவோ சுரங்கத்தில் இறங்குவதாகவோ இருக்கும். பாதை நீள நீளத் தொழிலாளர் முகாமும் நகர்ந்துகொண்டே போகும். அவருக்கு நிலையான முகவரி கிடையாது. அயர்லாந்திலிருந்து புறப்பட்ட கடிதம் வந்து சேர்வதற்குள் அவர் இன்னொரு மாநிலத்தில் இருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவராயின், உடன் வேலைபார்ப்பவர் எழுதிக்கொடுத்தால்தான் மறுமொழி போகும். விபத்தும் காய்ச்சலும் பலரைக் கொண்டுபோயின. அவர்கள் இறந்த செய்தியைச் சொல்லக்கூட ஊரறிந்தவர் ஒருவர் அருகில் இருந்திருக்கமாட்டார்.

விளம்பரங்களில் என்ன எழுதினார்கள் என்பதில்தான் அவற்றின் மதிப்பு அடங்கியிருக்கிறது. தேடப்படுபவரின் பெயர், மாவட்டம், பங்கு (ஒரு கோவிலைச் சார்ந்த வட்டாரம்), பல சமயங்களில் அதற்கும் உட்பட்ட குறிச்சி, கப்பலேறிய ஆண்டு, இறங்கிய துறைமுகம், தொழில், கடைசியாகக் கேள்விப்பட்ட ஊர், சிலவற்றில் உருவ அடையாளம், தேடுபவர் பெயரும் உறவும், மறுமொழி அனுப்ப வேண்டிய முகவரி ஆகியவை வரும். அம்முகவரி பெரும்பாலும் ஒரு பங்குத்தந்தையுடையதாகவோ இதழ் அலுவலகமாகவோ இருந்தது, ஏனெனில் தேடுபவருக்கும் நிலையான வீடு இல்லை. அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்களுக்கு விளம்பரக் கட்டணம் எளிய செலவன்று. ஆகவே ஒவ்வொரு வரியும் எண்ணி எழுதப்பட்டது. வீண்சொல் எதுவும் இல்லை. மகனைத் தேடும் விதவைத் தாய், தங்கையைத் தேடும் வீட்டுப் பணிப்பெண், குழந்தைகளோடு வந்திறங்கிக் கணவனைத் தேடும் மனைவி என்று பக்கங்கள் நிரம்பின. விளம்பரம் தந்தவர்கள் பாஸ்டன்வாசிகள் மட்டுமல்லர். அமெரிக்காவின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் கனடாவிலிருந்தும் அயர்லாந்திலிருந்துமே அவை வந்தன. இதழ் பாஸ்டனில் அச்சானாலும், இருப்புப்பாதை முகாம்கள்வரை கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டதே அதற்குக் காரணம்.

இவ்விளம்பரங்களுக்குப் பிற்காலத்தில் மற்றொரு மதிப்பும் சேர்ந்தது. 1922 ஜூன் இறுதியில், அயர்லாந்து உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது, 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்கு முற்பட்ட மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. அமெரிக்கத் துறைமுகப் பதிவேடுகளிலோ பிறந்த நாடு 'அயர்லாந்து' என்ற அளவிலேயே நின்றுவிடும். எந்தப் பங்கு, எந்தக் குறிச்சி என்பதைத் தம் வாயாலேயே சொல்லி அச்சேற்றியவர்கள் பைலட்டின் ஏழை விளம்பரதாரர்கள்தாம். தலையங்கம் எழுதியவர்களின் கருத்துகளைக் காட்டிலும், விளம்பரப் பக்கத்தில் இவர்கள் விட்டுச்சென்ற விவரங்களையே இன்றைய வரலாற்றாய்வாளர்கள் அதிகமாக நாடுகிறார்கள். ஒரு சமூகப் பத்திரிகை தன் மக்களுக்கு ஆற்றக்கூடிய தொண்டுகளில் இதற்கு நிகரானது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தின்போது இதழ் என்ன செய்தது?

பதில்: 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய கருகல் நோய் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது, ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தனர், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். 1847-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 37,000 ஐரிஷ் மக்கள் பாஸ்டனில் வந்திறங்கினர். நோயாளிகளுக்காகத் துறைமுகத் தீவொன்றில் தனிமை மருத்துவமனை அமைக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு மார்ச் 28-ஆம் தேதி, அமெரிக்கப் போர்க்கப்பலான 'ஜேம்ஸ்டவுன்' பீரங்கிகள் அகற்றப்பட்டு, சுமார் 800 டன் உணவுடன் பாஸ்டனிலிருந்து கார்க் துறைமுகத்துக்குப் புறப்பட்டது. மடத்தை எரித்த நகரமே இதையும் செய்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இதழ் ஊரிலிருந்து வந்த செய்திகளைத் தொடர்ந்து வெளியிட்டது. நிதி திரட்டும் முயற்சிகளுக்குத் துணைநின்றது. காணாமற்போனோர் விளம்பரங்கள் பெருகியதும் இக்காலத்தில்தான்.

பஞ்சத்துக்குச் சற்று முன்பு இதழில் பணியாற்றிய ஒருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1842-இல் பதினேழு வயதில் பாஸ்டன் வந்த தாமஸ் டார்சி மகீ என்ற இளைஞரின் பேச்சாற்றலைக் கண்டு இதழ் அவரைச் சேர்த்துக்கொண்டது. இருபது வயது நிரம்புவதற்குள் அவர் ஆசிரியரானார். பின்னர் அயர்லாந்து திரும்பிக் கிளர்ச்சியில் பங்கேற்று, மீண்டும் கடல் கடந்து, முடிவில் கனடாவில் குடியேறி, 1867-இல் அந்நாட்டுக் கூட்டாட்சியை உருவாக்கியவர்களில் ஒருவராக உயர்ந்தார். மறு ஆண்டு ஒட்டாவாவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கேள்வி: குடியேறிகளின் பத்திரிகைகள் வழக்கமாகத் தாய்மொழியில் வரும். பைலட் ஏன் ஆங்கிலத்தில் வந்தது?

பதில்: அயர்லாந்தில் ஐரிஷ் மொழி அப்போதே பின்வாங்கிக்கொண்டிருந்தது. நிர்வாகம், சந்தை, பள்ளி எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தன. 1831-இல் தொடங்கிய தேசியப் பள்ளிகளும் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. பஞ்சத்தில் அதிகம் மடிந்தவர்களும் வெளியேறியவர்களும் ஐரிஷ் மொழி பேசிய மேற்குப் பகுதியின் ஏழைகள். வீட்டில் ஐரிஷ் பேசியவர்களிலும் பெரும்பாலோருக்கு அதில் எழுத்தறிவு இல்லை. ஆகவே படிக்கத் தெரிந்தவர்களுக்குப் படிக்கத் தெரிந்த மொழி ஆங்கிலமாக இருந்தது.

இதனால் விளைந்த நன்மையையும் இழப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சின்சினாட்டி நகரில் 1837-இல் ஜான் மார்ட்டின் ஹென்னி என்ற குரு தொடங்கிய 'வார்ஹைட்ஸ்ஃப்ராய்ண்ட்' அமெரிக்காவின் முதல் ஜெர்மன் கத்தோலிக்க வார இதழ். ஹென்னி பின்னாளில் மில்வாக்கியின் முதல் ஆயரானார். அந்த இதழ் 1907-இல் நின்றுவிட்டது. மிச்சிகன் மாநிலத்தில் டச்சுச் சீர்திருத்தச் சபையினருக்காக 1868-இல் தொடங்கிய 'டே வாக்டர்' 1985 வரை நீடித்தது. ஆயினும் டச்சு மொழி படிப்போர் குறையக் குறைய அதுவும் மெலிந்தே போயிற்று. தாய்மொழி இதழ்களுக்கு மூன்றாம் தலைமுறை எப்போதும் கடினமான கட்டம். பைலட் ஆங்கிலத்தில் இருந்ததால் பேரப்பிள்ளைகளும் படித்தார்கள்; அதனால் அது பிழைத்தது. ஆனால் அதன் பக்கங்களில் ஐரிஷ் மொழி பெரும்பாலும் ஒலிக்கவில்லை. ஜெர்மானியரும் டச்சுக்காரரும் தம் இதழ்களின் வழியே இரண்டு மூன்று தலைமுறைக்கு மொழியைக் காத்துக்கொண்டதைப் போல, ஐரிஷ் மக்களுக்கு அவர்களுடைய இதழ் செய்யவில்லை. தமிழர்களாகிய நாம் இதை ஒரு சிறு செய்தியாகக் கடந்துபோக முடியாது.

கேள்வி: ஒடுக்கப்பட்ட மக்களின் இதழ் என்றால், கறுப்பின மக்களின் அடிமைத்தனத்தையும் எதிர்த்திருக்க வேண்டுமே. எதிர்த்ததா?

பதில்: இல்லை. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். எந்த ஓ'கானலின் பத்திரிகையைக் கண்டு தன் பெயரைச் சூட்டிக்கொண்டதோ, அந்த ஓ'கானல் அடிமைமுறையை வாழ்நாள் முழுவதும் கடுமையாக எதிர்த்தவர். அயர்லாந்தில் சுமார் 60,000 பேர் கையெழுத்திட்ட வேண்டுகோள் ஒன்று 1842 ஜனவரியில் பாஸ்டன் ஃபனுயில் மண்டபத்தில் வாசிக்கப்பட்டது. அமெரிக்காவில் வாழும் ஐரிஷ் மக்கள் அடிமைமுறை ஒழிப்பாளர்களோடு சேர்ந்துநிற்க வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. முதல் கையெழுத்துகளில் ஓ'கானலுடையதும் ஒன்று. பைலட் அவ்வேண்டுகோளை ஏற்கவில்லை. அடுத்து வந்த இருபது ஆண்டுகளிலும் ஒழிப்பு இயக்கத்தை எதிர்த்தே எழுதியது.

காரணங்களை வரலாற்றாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். ஒழிப்பாளர்கள் பலர் கத்தோலிக்கரை இகழ்ந்த அதே புரட்டஸ்தாந்து வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். ஐரிஷ் வாக்காளர்களை அரவணைத்த ஜனநாயகக் கட்சி தெற்கின் அடிமை உடைமையாளர்களோடு கூட்டு வைத்திருந்தது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் தம் கூலி வேலைக்குப் போட்டியாக வருவார்கள் என்ற அச்சமும் இருந்தது. இவை காரணங்களே தவிர நியாயங்கள் அல்ல. தம்மைப் போலவே உழைத்துத் தம்மைவிடக் கொடுமையாக நடத்தப்பட்ட மக்களின் துயரம், வாரந்தோறும் துயரத்தையே அச்சிட்டுவந்த ஓர் இதழின் கண்ணில் படாமற்போனது அதன் வரலாற்றின் மிகப் பெரிய குறை.

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது இதழ், தெற்கு மாநிலங்கள் பிரிவதை எதிர்த்த ஒன்றியத்தின் பக்கம் நின்றது. மாசசூசெட்ஸின் 9-ஆம் படைப்பிரிவு போன்ற ஐரிஷ் படைகளைத் திரட்டுவதில் டோனஹோ முன்னின்றார். ஆனால் ஒன்றியத்துக்காகப் போரிடுவது வேறு, அடிமைகளின் விடுதலைக்காகப் போரிடுவது வேறு என்ற எண்ணமே இதழில் நிலவியது. அந்நிலை மாற இன்னொரு ஆசிரியர் வர வேண்டியிருந்தது.

கேள்வி: ஆஸ்திரேலியச் சிறையிலிருந்து தப்பிய ஒருவர் இதன் ஆசிரியராக இருந்தார் என்பது உண்மையா?

பதில்: முற்றிலும் உண்மை. மேலே சொன்ன மாற்றத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. ஜான் பாயில் ஓ'ரெய்லி 1844-இல் அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே செய்தித்தாள் அச்சகமொன்றில் தொழில் பழகினார். பிரிட்டிஷ் குதிரைப்படையில் சேர்ந்து, அதற்குள்ளேயே ஃபீனியன் என்னும் இரகசியப் புரட்சி இயக்கத்துக்கு ஆள் சேர்த்ததற்காக 1866-இல் கைதானார். மரண தண்டனை இருபது ஆண்டுக் கடுங்காவலாகக் குறைக்கப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிச்சென்ற கடைசிக் கப்பலான 'ஹூகுமொன்ட்' அவரை 1868 ஜனவரியில் ஃப்ரீமேன்டில் துறைமுகத்தில் இறக்கியது. மறு ஆண்டு, ஒரு கத்தோலிக்கக் குருவும் உள்ளூர்க் குடியேறிகளும் உதவ, அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றில் ஏறித் தப்பினார். 1869 நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கினார். 1870-இல் பைலட்டில் வேலைக்குச் சேர்ந்தார்.

சேர்ந்த ஆண்டிலேயே அவருடைய குணம் வெளிப்பட்டது. நியூயார்க்கில் ஐரிஷ் புரட்டஸ்தாந்தரும் ஐரிஷ் கத்தோலிக்கரும் தெருவில் மோதி உயிர்ச்சேதம் விளைந்தபோது, அவர் எதிர்த்தரப்பை மட்டும் குறைகூறவில்லை. பழைய தீவின் பகையைப் புதிய நாட்டுக்கும் தூக்கிவந்தார்கள் என்று இரு தரப்பையும் சேர்த்தே கண்டித்தார். ஒரு சமூக இதழ் தன் சமூகத்தாரைக் கண்டிப்பது எவ்வளவு அரிது என்பதைப் பத்திரிகைத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். கறுப்பின மக்களின் சம உரிமைக்காக அவர் வெளிப்படையாக எழுதினார், பேசினார். 1770-இல் பிரிட்டிஷ் படையினர் மக்களைச் சுட்ட பாஸ்டன் படுகொலையில் முதலில் வீழ்ந்த, கறுப்பினத்தவரான கிறிஸ்பஸ் அட்டக்ஸ் உள்ளிட்டோருக்கு 1888-இல் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டபோது, அவ்விழாவுக்குக் கவிதை எழுதித் தந்தவர் அவர். யூதர்களுக்கும் அமெரிக்கப் பழங்குடியினருக்கும் இழைக்கப்பட்ட அநீதிகளையும் அவர் கண்டித்தார்.

இலக்கியத்திலும் இதழ் அவர் காலத்தில்தான் தலைநிமிர்ந்தது. ஐரிஷ் எழுத்தாளரான இளம் ஆஸ்கர் வைல்டின் கவிதைகளை அவர் வெளியிட்டார். ஐரிஷ் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ், பெரும்புகழ் பெறுவதற்கு முன்பே, லண்டனிலிருந்து இவ்விதழுக்குக் கட்டுரைகள் அனுப்பினார். ஃப்ரீமேன்டில் சிறையில் எஞ்சியிருந்த ஃபீனியன் தோழர்களில் ஆறு பேரை 'கட்டால்பா' என்ற கப்பல் 1876 ஏப்ரலில் மீட்டுவந்த துணிகரத் திட்டத்துக்கு ஆலோசனை வழங்கியவர்களில் ஓ'ரெய்லியும் ஒருவர். 1890 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, தூக்கமின்மைக்கு உட்கொண்ட மருந்து மிகுந்துவிட்டதால், நாற்பத்தாறாம் வயதில் அவர் மறைந்தார். பாஸ்டனில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டுள்ளது.

கேள்வி: இப்போது இதழ் பேராயத்தின் உடைமை என்று குறிப்பிட்டிருந்தீர்கள். டோனஹோவிடமிருந்து அது எப்படிப் போயிற்று?

பதில்: இரண்டு கட்டங்களாக. 1872 நவம்பரில் பாஸ்டனின் வணிகப் பகுதியை விழுங்கிய பெருந்தீயில் டோனஹோவின் கட்டடமும் அச்சகமும் அழிந்தன. வேறு இடத்துக்கு மாறிய பிறகும் தீ விடவில்லை. 1873-இன் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ள, அவர் நடத்திவந்த வங்கி முறிந்தது. அதில் பணம் போட்டவர்கள் பெரும்பாலும் இதழின் வாசகர்களான ஏழைத் தொழிலாளரும் வீட்டுப் பணிப்பெண்களும். 1876-இல் பேராயர் ஜான் வில்லியம்ஸ் நான்கில் மூன்று பங்கையும் ஓ'ரெய்லி ஒரு பங்கையும் ஏற்று இதழை வாங்கினார்கள். வங்கியில் பணம் இழந்தவர்களுக்கு இதழின் வருமானத்திலிருந்து தவணையாகத் திருப்பித் தருவதற்கும் ஏற்பாடு செய்தார்கள். ஓ'ரெய்லியின் மறைவுக்குப் பின், முதுமையில், டோனஹோ இதழை மீண்டும் வாங்கி 1901-இல் இறக்கும்வரை வைத்திருந்தார்.

1908-இல் பேராயர் வில்லியம் ஓ'கானல் (முன்பு சொன்ன டப்ளின் தலைவர் அல்லர், பின்னாளில் கர்தினால் ஆனவர்) இதழை விலைக்கு வாங்கிப் பேராயத்தின் அதிகாரபூர்வ ஏடாக்கினார். அதற்கு முன்பு சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்த கேத்தரின் கான்வே, அக்காலத்தில் அப்பொறுப்பை வகித்த மிகச் சில பெண்களில் ஒருவர். உடைமை மாறியதும் அவர் விலகினார். இதழுக்கு நிதி உறுதி கிடைத்தது. நீண்ட ஆயுளும் கிடைத்தது. ஆனால் தன் மக்களையும் தலைவர்களையும் ஒருங்கே கேள்வி கேட்ட அந்தப் பழைய சுதந்திரம் அதன் பின் திரும்பவில்லை என்பதே என் மதிப்பீடு.

கேள்வி: அந்தப் பழைய விளம்பரங்களை இன்று பார்க்க இயலுமா? எங்கள் உறவினர் ஒருவர் ஐரிஷ் வழிவந்த குடும்பத்தில் திருமணம் செய்துள்ளார். அவர்கள் முன்னோரைத் தேடிவருகிறார்கள்.

பதில்: இயலும். நியூ இங்கிலாந்து வரலாற்று மரபுவழிச் சங்கம் அவ்விளம்பரங்களைத் தொகுத்து எட்டுத் தொகுதிகளாக நூல்வடிவில் வெளியிட்டிருக்கிறது. பாஸ்டன் கல்லூரி அவற்றைத் தேடுவதற்கான மின்தரவுத் தொகுப்பை உருவாக்கியிருக்கிறது. தேடுபவர்கள் சிலவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பெயர்களின் எழுத்துக்கூட்டு அக்காலத்தில் நிலையாக இல்லை. 'ஓ', 'மக்' ஆகிய முன்னொட்டுகள் ஓரிடத்தில் இருக்கும், மற்றோரிடத்தில் விடுபட்டிருக்கும். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் மாவட்டத்தையும் பங்கையும் வைத்துத் தேடுவது நல்லது. தேடப்பட்டவரின் பெயரோடு நின்றுவிடாமல் தேடியவர்களின் பெயர்களையும் பார்க்க வேண்டும். முன்னோர் தாமே தொலைந்தவராக இல்லாமல், தம்பியைத் தேடி விளம்பரம் கொடுத்தவராகவும் இருக்கலாம். பங்கின் பெயர் கிடைத்துவிட்டால், அயர்லாந்தின் கத்தோலிக்கப் பங்குகளில் எஞ்சியுள்ள ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் டப்ளின் தேசிய நூலகத்தின் வழியாக இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அங்கிருந்து ஒரு தலைமுறையோ இரண்டு தலைமுறையோ பின்னோக்கிச் செல்ல முடியும். அவை பல இடங்களில் இலத்தீனில், மங்கிய கையெழுத்தில் உள்ளன. ஆகவே பெயர்களின் இலத்தீன் வடிவங்களை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளும்படி அவர்களிடம் சொல்லுங்கள்.